மம்பட்டி மூக்கனும் என் அட்டை மீனும்

மீன் கடை என்றால் எடை போட்டுக் கொடுக்கிற கடை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் கடையில் மீனுக்கு எடை கிடையாது, நீளம்தான்.

புனேயில், போபோடியில், கட்கி ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்துவிடுகிற தூரத்தில் எங்கள் கடை இருக்கிறது. தொட்டியில் வளர்க்கிற மீன்கள் விற்கிறோம். ஊர் கடையநல்லூர் பக்கம். நான் கல்யாணமாகி இங்கே வந்தவள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கடையில் நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் பேச்செல்லாம் என் வீட்டுக்காரர் பொறுப்பு, தொட்டிகள் என் பொறுப்பு. சாயந்திரம் தொட்டி தொட்டியாக மீன்களை எண்ணுவேன். விற்றதும் இருப்பதும் ஒத்துப்போனால்தான் ஷட்டரை இறக்க விடுவேன். “ஒவ்வொண்ணும் ‘உள்ளேன் டீச்சர்’னு சொல்லிருச்சா ஜமீலா?” என்று வீட்டுக்காரர் கேட்பார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும், ஆசைப்பட்டு வீட்டில் தொட்டி வைத்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஷவல்நோஸ் மீனைத் தெரிந்திருக்கும். கெளுத்தி இனம். தட்டையாக நீண்ட மூக்கு, பக்கத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மீசை. எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்தவுடன் மம்பட்டி மூக்கன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதில் டைகர் என்று ஒன்று உண்டு. கடையில் பார்க்கும்போது விரல் நீளம் இருக்கும். ஒழுங்காகத் தீனி போட்டால் மூன்றடிக்கு வளரும். லீமா என்று இன்னொன்று உண்டு. அது வீட்டுத் தொட்டியில் ஓரடி, மிஞ்சினால் ஒன்றேகால் அடி. குஞ்சாக இருக்கும்போது இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

இந்த இரண்டில் நாங்கள் லீமா மட்டும்தான் விற்கிறோம். “இது உங்க தொட்டியை மீறி வளராது” என்று சொல்லித்தான் பையைக் கையில் கொடுப்பேன். வாடிக்கையாளரிடம் நான் தடுமாறாமல் சொல்லுகிற ஒரே வாக்கியம் அதுதான். இன்றைக்குவரை அது பொய்யாகவில்லை. ஒரே ஒரு மீன் மட்டும், பொய்யாகிவிடுமோ என்று என்னைப் பத்து மாதம் நிம்மதியில்லாமல் அலைய வைத்தது.

பெயிண்ட் வாளி

செல்வராஜ் கட்கியில் தொழிற்சாலை வேலை பார்க்கிறவர். சங்கரன்கோவில்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரின் முன்பக்கம் கால்களுக்கு நடுவே ஒரு பெயிண்ட் வாளியை வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு டைகர் வளைந்து கிடந்தது. வேறு எங்கோ வாங்கியது. அவர் வீட்டுத் தொட்டி மூன்றடி, மீன் இரண்டடியைத் தொட்டுவிட்டது. திரும்ப இடமில்லாமல் கண்ணாடியில் முட்டி முட்டி மூக்கு நுனி தேய்ந்து வெள்ளைச் சதை தெரிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கச் சகிக்காமல், “இதை எங்கேயாவது சேர்த்துட்டு வீட்டுக்குள்ள வாங்க” என்று மனைவி அனுப்பி வைத்திருந்தார்.

வீட்டுக்காரர் நாலைந்து பேருக்குப் போன் போட்டு, ஊருக்கு வெளியே பண்ணைவீட்டில் சிமெண்டுத் தொட்டி கட்டி வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்தார். மீன் பிழைத்துக்கொண்டது. “இவ்வளவு பெரிய மீனை எதுக்கு வாங்கினீங்க?” என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, செல்வராஜ் காலி வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறிக்கொண்டே என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “பெருசுன்னு யாரு வாங்குனா பாயம்மா? சுண்டுவிரல் கணக்கா இருந்துச்சு. வளந்தா இம்புட்டு இருக்கும்னு ஒரு அட்டையில வெட்டிக் காட்டியிருந்தாக்கூட, ஒரு கும்புடு போட்டுட்டு வந்திருப்பேனே!”

அட்டை போய் மீன் வரும்

அவர் எரிச்சலில் சொன்னார். நான் அதை வேலையாக எடுத்துக்கொண்டேன். பக்கத்து எலெக்ட்ரிக் கடையில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வாங்கி, வளர்ந்த லீமாவை அளவு எடுத்து வெட்டினேன். மூக்கு, மீசை, வால் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் அடி. டைகருக்கும் ஒன்று வெட்டினேன். அது மூன்றடி. அதைத் தூக்கிக்கொண்டு யாரும் போகமாட்டார்கள் என்று சுவரில் மாட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு வழக்கம். லீமா கேட்டு வருகிறவருக்கு அன்றைக்கு மீன் கிடையாது, அட்டைதான். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியின் மேல்வாயில் வைத்து ஒரு சுற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கேயும் இடிக்கக் கூடாது. பிறகு கண்ணாடியில் ஒரு வாரம் ஒட்டி வைத்து, இந்த நீளம் வீட்டுக்குத் தோதா என்று எல்லோரும் பார்க்க வேண்டும். சரி என்றால் வரலாம், மீன் தருவேன். அட்டை அவர்களிடமே இருக்கும், மறந்துபோகாமல் இருப்பதற்கு. முதலில் அட்டை வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: “மீன் வாங்க வந்தவனுக்கு அட்டையைக் கொடுத்து அனுப்புற கடை இந்தப் புனேயிலேயே நம்மது ஒண்ணுதான். அடுத்து பிரியாணிக் கடையில ஆட்டுப் படம் கொடுப்பாங்க.”

தீனி கேட்காத மீன்

தாபோடியிலிருந்து ஒரு மராத்திக்காரர் அட்டை வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்து அவர் வரவில்லை, அவர் மனைவி வந்தார். என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். சித்தி முறை வைத்து என்னை மாவ்ஷி, மாவ்ஷி என்று கூப்பிட்டுக்கொண்டு கடை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். தொட்டி ஐந்தடி, அட்டை எங்கேயும் இடிக்கவில்லை, பார்க்கவும் நன்றாக இருக்கிறது என்றார். நான் சந்தோஷமாகப் பையையும் வலையையும் எடுத்தேன். இந்த மீனுக்கு மூழ்குகிற தீனிதான் போட வேண்டும், இறால் துண்டு விரும்பிச் சாப்பிடும், வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்து வலையைக் கீழே வைக்கச் சொன்னார். அவர் மராத்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: “வேண்டாம் மாவ்ஷி, எங்களுக்கு அந்த அட்டை மீனே போதும். ஒரு வாரமாச்சு, தீனி கேக்கல, தண்ணி மாத்தச் சொல்லல. எங்க வீட்டுல இப்படி ஒரு ஆம்பளை இதுவரைக்கும் இருந்ததில்லை.”

வாய்க்கு ஓர் ஓட்டை

லீமா சாது. யாரையும் துரத்தாது, கடிக்காது. ஆனால் வாய்க்குள் போகிற அளவில் ஏதாவது பக்கத்தில் வந்தால் அது மீன் என்று பார்க்காது, சாப்பாடு என்றுதான் பார்க்கும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ‘சாதுன்னு சொன்னீங்களே!’ என்று வருவார்கள். அதனால் அட்டையின் மூக்குக்குக் கீழே வாயளவுக்கு ஒரு வட்டமான ஓட்டை வெட்டினேன். இந்த ஓட்டைக்குள் நுழையக்கூடிய மீன் எதையும் கூட விடாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பாணேரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் நிகில் என்ற பையன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவன். அட்டையை வைத்துப் பார்த்தான், ஒரு வாரம் காத்திருந்தான், மீன் வாங்கினான். எட்டு மாதம் கழித்து ஒருநாள் அந்த அட்டையையே மடியாமல் பையில் வைத்துக் கொண்டுவந்து கவுண்டரில் போட்டான். அவன் தொட்டியிலிருந்த பார்ப் மீன் ஒன்றைக் காணவில்லை. நல்ல சதைப்பிடிப்பான மீன். நான் ஓட்டையைக் காட்டி, இதில் நுழைகிற மீனாக இருந்திருக்கும் என்றேன். அவன் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னான்: “இல்ல மாவ்ஷி, அளந்து பார்த்துட்டுத்தான் விட்டேன். உங்க ஓட்டைக்குள்ள போகல. மீனோட வாய்க்குள்ள போயிடுச்சு.”

அன்றைக்கே உட்கார்ந்து, மீன் வாயைப் பிளக்கும்போது எவ்வளவு விரியும் என்று இறால் துண்டு காட்டிப் பார்த்து, கடையிலிருந்த எல்லா அட்டையிலும் ஓட்டையைப் பெரிதாக்கினேன். இப்போது யாரும் கேட்டால், அந்த அளவு நிகில் சொன்னது என்றுதான் சொல்வேன்.

ஆகாயத்தைப் பார்த்து மீன் வாங்குகிறவள்

சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் குஞ்சுகள் வரும். மேலே லீமா என்று எழுதியிருக்கும். எழுதியிருப்பதை நான் நம்பமாட்டேன். அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த வயதில் லீமாவும் டைகரும் ஒரே குளத்து மண் மாதிரி இருக்கும், வலையில் கலந்துவிடும். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. டைகருக்குக் கண் தலையின் மேல்பக்கமாக இருக்கும். லீமாவுக்குக் கண் பக்கவாட்டில், கீழிறங்கி இருக்கும். பையைத் தலைக்கு மேலே தூக்கி அடியிலிருந்து பார்த்தால் லீமாவின் கண் இரண்டும் தெரியும். டைகரின் கண் தெரியாது. ஒவ்வொரு பையாகத் தூக்கி, வாசல் வெளிச்சத்தில் அண்ணாந்து பார்ப்பேன். துப்பட்டி நழுவும், பை சொட்டும், கழுத்து வலிக்கும். வாசலில் நிற்கிற ரிக்‌ஷாக்காரர்களுக்கு நல்ல வேடிக்கை. வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது. “கடைத்தெருவுல நின்னு வானத்தைப் பாக்குறது எனக்கு ஆகாது, எனக்குத் தோள்வலி வேற” என்று நழுவிவிடுவார்.

என் தங்கச்சி மகள் நிக்காஹுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த அன்று சாயந்திரம் எண்ணினால், நான் போகும்போது காலியாக இருந்த லீமா தொட்டியில் ஐந்து குஞ்சுகள். கேட்டேன். நான் இல்லாதபோது ஆறு குஞ்சோடு ஒரு பெட்டி வந்ததாம். அதில் ஒன்றைச் சிஞ்ச்வட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு விற்றுவிட்டாராம். அட்டையை முன்னாடியே இவரிடம் வாங்கிப் போயிருந்தவள், தொட்டிக்குப் பொருந்துகிறது என்று சொல்லியிருக்கிறாள். நான் சொல்லுகிற வாக்கியத்தையும் எனக்குப் பதிலாக இவரே சொல்லி அனுப்பிவிட்டார். “அடியில பார்த்தீங்களா?” என்றேன். தோளைத் தடவினார். மிச்சம் ஐந்தையும் அப்போதே பையில் போட்டுத் தூக்கினேன். மூன்றுக்குக் கண் தெரிந்தது. இரண்டுக்குத் தெரியவில்லை.

இரண்டு டைகரும் பண்ணைவீட்டுக்குப் போயின. ஆனால் விற்றது எது? அவளுடைய போன் நம்பர் இல்லை. நாலடித் தொட்டி, ஃபிளாட்டில் குடியிருக்கிறாள், தமிழ்ப் பெண் ஆனால் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது, இவ்வளவுதான் வீட்டுக்காரருக்கு நினைவிருந்தது. அது டைகராக இருந்தால் அவள் வீட்டிலும் ஒரு மீன் கண்ணாடியில் மூக்கைத் தேய்க்கும், நான் கொடுத்த வாக்கு அந்தக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் அன்று சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: “அஞ்சுல மூணு நல்லதா இருந்துச்சே ஜமீலா. போனது நாலாவது நல்லதா இருக்கக் கூடாதா? கெட்டதாத்தான் இருக்கணும்னு நீ ஏன் துவா செய்யிற?”

சுபேதாரின் மீன்

அதற்குப் பிறகு கடைக்கு முன்னால் யார் வாளியோடு வந்தாலும் எழுந்து எட்டிப் பார்ப்பேன். ஒருவர் வாளியோடு வந்தார், பக்கத்துக் கடைக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர். அந்தச் சமயத்தில்தான் கட்கியில் குடியிருக்கும் வேலூர்க்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், போன் செய்தார். “உங்க மீன் செத்துப்போச்சும்மா. தலைகீழா நிக்குது.” எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய போன்தான். லீமா ஓய்வெடுக்கும்போது செடித்தண்டோடு தண்டாகத் தலைகீழாகச் சாய்ந்து நிற்கும். அசையாது. புதிதாக வாங்கியவர் யாராக இருந்தாலும் ஒருமுறை பயந்தே தீரவேண்டும்.

விளக்கை அணைத்துவிட்டு ஒரு துண்டு இறால் போட்டுப் பாருங்கள் என்றேன். போனை வைக்காமலே போனார். கொஞ்ச நேரம் தண்ணீர் சலசலப்பு மட்டும் கேட்டது. திரும்பி வந்தவர் குரல் மாறியிருந்தது: “தின்னுட்டு மறுபடியும் அதே மாதிரி போய் நிக்குதும்மா. முப்பது வருஷம் பட்டாளத்துல ‘அசையாம நில்லு’ன்னு கத்தினேன், ஒரு பயலும் இப்படி நிக்கல.”

மூன்றடி வேண்டாம்

பாணேரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டிக்காரர்கள் தங்கள் கிளப் ஹவுஸில் ஐந்தடித் தொட்டி வைத்தார்கள். செகரட்டரியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். வருகிறவர்கள் அசந்துபோக வேண்டும், அதனால் டைகர்தான் வேண்டும், வேறு கடையில் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள், உங்கள் கடையில் மீன் ஆரோக்கியமாக இருக்கும் என்று கேள்விப்பட்டு வந்தோம் என்றார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிஞ்ச்வட் மீன்தான் ஞாபகம் வந்தது. எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த மூன்றடி அட்டையைக் கழற்றி அவர்கள் கையில் கொடுத்தேன். ஒரு வாரம் ஒட்டி வையுங்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

அட்டை ரிக்‌ஷாவில் ஒரு பக்கம் தலையும் ஒரு பக்கம் வாலும் நீட்டிக்கொண்டு போனது. கிளப் ஹவுஸ் தொட்டியில் அதை ஒட்டினால் தொட்டி தெரியவில்லையாம், அட்டைதான் தெரிந்ததாம். திருப்பிப் பார்த்தபோது வால் கண்ணாடியைத் தட்டியது. ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே கூட்டம் போட்டிருக்கிறார்கள். பிறகு செகரட்டரி மட்டும் அட்டையைத் திருப்பிக் கொடுக்கத் தனியாக வந்தார். மூன்று லீமாக்களை வாங்கிக்கொண்டார். மூன்றையும் அவர் முன்னாலேயே அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொடுத்தேன். போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மாவ்ஷி, இடத்தை அடைச்சுக்கிட்டுத் திரும்பவும் முடியாம ஒருத்தர் எங்க சொசைட்டில ஏற்கெனவே இருக்கார். அவர்தான் எங்க சேர்மன். இன்னொண்ணு தாங்காது.”

சிஞ்ச்வட் வாளி

இந்த வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு ரிக்‌ஷா கடை வாசலில் வந்து நின்றது. ஒரு பெண்ணும் அவள் கணவனும் இறங்கினார்கள். கணவன் கையில் மூடி போட்ட பெரிய நீல வாளி. மூடியில் ஓட்டை போட்டு ஒரு காற்றுக் குழாயைச் செருகியிருந்தார்கள். வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். “ஜமீலா, அந்தப் பொண்ணு” என்றார்.

பெயர் கவிதா. சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சரிபார்க்கிற வேலை. ஒவ்வொரு துண்டையும் கேஜ் என்ற இரும்பு அளவுக்குள் வைத்துப் பார்த்து, பொருந்தாததை ஒதுக்கித் தள்ள வேண்டும். காலையிலிருந்து சாயந்திரம்வரை அதுதான். அப்படிப்பட்டவளுக்கு இவர் அட்டை கொடுத்திருக்கிறார்! வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மீன் அட்டைக்குப் பின்னால் வந்து நிற்கும்வரை காத்திருந்து, நீளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். “மாவ்ஷி, அட்டை முடிஞ்சுபோச்சு” என்றாள். “மீன் அட்டை முழுக்க வந்துச்சு. இன்னும் வளருது. இது டைகர்னு பில்டிங்ல ஒருத்தர் சொல்றார். நான் அழுதேன். எங்கிட்ட பெரிய தொட்டி வைக்க ஜாகா இல்ல.” சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணைத் துடைத்தாள்.

வாளி மூடியைத் திறந்தார்கள். உள்ளே இருட்டும் நுரையும்தான். ஒரு மீசை மட்டும் மேலே வந்து போயிற்று. எங்களிடம் ஒரு காலித் தொட்டி, அடியில் பலகை போடாத இரும்பு ஸ்டாண்டில் இருந்தது. தண்ணீர் நிரப்பி, இரண்டு ஆண்களும் சேர்ந்து மீனை அதில் விட்டார்கள். எனக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. துப்பட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். சுவரில் அந்த மூன்றடி அட்டை. இத்தனை வருஷத்தில் தடுமாறாமல் நான் சொல்லி வந்த ஒரே வாக்கியம் எனக்குப் பின்னால் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து ஸ்டூல் நகர்கிற சத்தம், அப்புறம் “யா அல்லாஹ்” என்று ஒரு முனகல். என் வீட்டுக்காரர், கடைத்தெருவில் அண்ணாந்து பார்ப்பதற்கே வெட்கப்பட்ட மனிதர், கைலியை மடித்துக்கொண்டு ஈரத் தரையில் மல்லாந்து படுத்து ஸ்டாண்டுக்கு அடியில் தலையை விட்டிருந்தார். வாசலில் ரிக்‌ஷாக்காரர்கள் கூடிவிட்டார்கள். “ஒரு கண்ணு தெரியுது” என்றார். “இரு, திரும்பட்டும்.” மீன் திரும்பியது. மடங்காமல் திரும்பியது. “ரெண்டு கண்ணும் தெரியுது ஜமீலா! அல்ஹம்துலில்லாஹ், ரெண்டு கண்ணும் என்னையே பாக்குது!”

அப்போதுதான் நான் திரும்பினேன். பக்கவாட்டில் மூக்கிலிருந்து வால்வரை ஒற்றைக் கறுப்புக் கோடு. லீமாதான். மூக்கு நுனி வழுவழுவென்று, ஒரு சிராய்ப்பு இல்லாமல் இருந்தது. இவ்வளவு அழகாக வளர்ந்த லீமாவை நான் என் கடையிலேயே பார்த்ததில்லை. ஆனால் கவிதா நம்பவில்லை. பையிலிருந்து அவளுடைய அட்டையை எடுத்துக் கண்ணாடியில் வைத்தாள். அவள் சொன்னது சரிதான். மீனின் நீளமும் அட்டையின் நீளமும் ஒன்று. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அட்டையைக் கையில் வாங்கி விரலால் தடவினேன். ஓரமெல்லாம் உப்பி, நைந்து இருந்தது. பத்து மாதம் ஈரக் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்ததில் தண்ணீர் குடித்து, ஓரம் ஓரமாகப் பிய்ந்து, வால் முழுக்க உதிர்ந்துபோயிருக்கிறது. தொட்டிக்குப் பின்னால் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரும்பு அளவோடு பழகிய பெண், அளவு சின்னதாகும் என்று எப்படி நினைப்பாள்?

கவுண்டருக்கு அடியிலிருந்து புது அட்டையை எடுத்து மீனோடு சேர்த்துக் கண்ணாடியில் வைத்தேன். மீனுக்குப் பின்னால் நாலு விரற்கடை அட்டை மிச்சம் நின்றது. மூன்று பேரும் ரிக்‌ஷாக்காரர்களும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கவிதா முதலில் சிரித்தாள், அப்புறம் பழைய அட்டையை இரண்டாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, தரையிலிருந்து எழ முடியாமல் கை நீட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைத் தூக்கிவிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “எங்க கம்பெனியில கேஜ் தேஞ்சா கேஜைத்தான் தூக்கிப் போடுவோம் மாவ்ஷி, பீஸை ரிஜெக்ட் பண்ண மாட்டோம். மீன் பாஸ்!”

இப்போது அட்டைகளைப் பிளாஸ்டிக்கில் வெட்டுகிறேன், பைகளை அண்ணாந்து பார்க்கும் வேலையை வீட்டுக்காரர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, சின்ன மீன் மட்டுமே விற்கிற கடை என்று எங்களுக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது; அந்தப் பெயருக்கு எவ்வளவு பெரிய அட்டை வெட்டுவது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.